மண் பரிசோதனைக் கருவிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?



போன வருஷம் நவரைப் பட்டத்தில், பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசையைத் தாண்டி ஒரு கிராமத்துக்குக் கழனி பார்க்கப் போயிருந்தேன். நெடுஞ்சாலை ஓரம் அரை ஏக்கரில் அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் எதிரே வந்தார். கையில் ஒரு சோடா பாட்டில். அதில் கிணற்றுத் தண்ணீர்.

"சார், நாலு பக்கமும் கம்பெனி வந்துடுச்சு. என் கெணத்துத் தண்ணியில விஷம் இருக்குதான்னு மெஷின்ல வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. தினம் இருநூறு கட்டு மார்க்கெட்டுக்குப் போவுது. துன்றவங்க எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க" என்றார்.

நியாயமான கவலை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதன் பிறகு ஆவடி, திருமழிசை என்று தொழிற்சாலைகள் மேற்கே நகர்ந்துகொண்டே வந்து, சொர்ணவாரியும் சம்பாவும் விளைந்த கழனிகள் பாதிக்கு மேல் மனைக்கட்டாகிவிட்டன. மிச்சம் இருக்கிற துண்டு நிலங்களில் கீரையும் மல்லிகையும் காய்கறியும்தான் பிழைப்பு. அந்தப் பிழைப்பு தண்ணீரை நம்பி இருக்கிறது.

ஆனால் நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, விஷம் இருக்குதான்னு கேட்டா எந்த மெஷினும் பதில் சொல்லாது. என்ன விஷம்னு பேரைச் சொல்லிக் கேக்கணும்" என்றேன். ஆபீசர் நழுவப் பார்க்கிறார் என்று அவர் நினைத்திருப்பார். நழுவவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளங்க வேண்டுமானால், இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். பரிசோதனைச் சீட்டில் 'பி.பி.எம்.' என்று போட்டிருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். ஆயிரம் நெல்மணி சுமார் 25 கிராம் எடை நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 25 கிலோ நெல்லில் பத்து லட்சம் மணி இருக்கும். அந்த 25 கிலோவுக்குள் ஒரே ஒரு மணிக்குச் சிவப்புச் சாயம் பூசிக் கலந்துவிட்டால், அந்த ஒரு மணிதான் ஒரு பி.பி.எம். இதற்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு 'பி.பி.பி.' என்பது. அது 25 டன் நெல்லில் ஒரு மணி. லாரி லாரியாக நெல்லைக் கொட்டி, அதற்குள் ஒரே ஒரு சிவப்பு மணியைத் தேடுகிற வேலை. இன்றைய கருவிகள் அதைச் செய்கின்றன, அதற்குக் கீழேயும் போகின்றன. குடிக்கிற தண்ணீரில் ஈயம் 0.01 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. அதாவது 10 பி.பி.பி. மூக்கால் முகர்ந்தோ நாக்கில் வைத்தோ இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு பாடம் நடக்கிறது. நீலமாக எரிகிற கேஸ் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் சுவாலை மஞ்சளாக மாறும், கவனித்திருப்பீர்கள். அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். சாம்பல் சத்தாகிய பொட்டாசியத்துக்கு இளம் ஊதா. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று ஒரு நிறம் உண்டு, ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு வராது. ஜெர்மனியில் புன்சன், கிர்க்காஃப் என்ற இரண்டு பேர் 1860 வாக்கில் இதை ஒரு ஆராய்ச்சி முறையாகவே செய்துவிட்டார்கள். 1868-இல் சூரிய கிரகணம் வந்தபோது நம்முடைய சென்னை வானாய்வுக் கூடத்திலிருந்து போக்சன் என்பவர் மசூலிப்பட்டினத்துக்குப் போய், பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரில் உட்கார்ந்து, சூரிய வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதுதான் ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895-இல்தான். இத்தனை தூரத்துச் சூரியனில் என்ன இருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொன்னவர்களுக்கு, உங்கள் கழனி மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லுவது பெரிய காரியமா? மண் பரிசோதனை நிலையத்தில் சாம்பல் சத்தை அளக்கிற சுவாலை ஒளிமானி இந்த அடுப்புச் சமாசாரம்தான். மண்ணை ஒரு திரவத்தில் குலுக்கி, வடிகட்டி, அந்தச் சாற்றைச் சுவாலையில் தெளிக்கிறார்கள். நிறம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பொட்டாசியம்.

ஆனால் துத்தநாகம், செம்பு, ஈயம் போன்றவை இந்தச் சுவாலையில் சரியாக ஒளி விடாது. பல வருஷம் விஞ்ஞானிகள் முட்டிக்கொண்டிருந்த இடம் இது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி இருந்தார். 1952-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்தில் கை மண்ணாக நிற்கிறவனுக்குத்தான் சரியான யோசனை வரும் என்று நான் இதை வைத்து ஆபீசில் அடிக்கடி வாதாடுவேன்! அவர் நினைத்தது இதுதான்: சுவாலைக்குள் போன அணுக்களில் மிகக் கொஞ்சம்தான் ஒளி விடுகின்றன, மற்றதெல்லாம் சும்மா இருக்கின்றன. விடுகிற ஒளியை அளப்பதற்குப் பதிலாக, சும்மா இருக்கிற கூட்டம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளந்தால் என்ன? மறுநாள் திங்கட்கிழமையே ஆய்வகத்தில் சோடியத்தை வைத்துச் செய்து பார்த்துவிட்டார். 1955-இல் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் கருவி செய்கிற கம்பெனிகள் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. விவசாய ஆராய்ச்சிக்காரர்கள்தான் ஆரம்பத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1958-க்குள் பயிரில் உள்ள துத்தநாகத்தை இந்த முறையில் அளந்துவிட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துத்தநாக அணு துத்தநாகத்தின் ஒளியைத்தான் விழுங்கும். ஆகவே துத்தநாகத்தை அளக்க வேண்டுமானால் துத்தநாகத்தாலேயே செய்த விளக்கைக் கருவியில் மாட்ட வேண்டும். ஈயத்துக்கு ஈய விளக்கு, காட்மியத்துக்குக் காட்மிய விளக்கு. வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே அசிட்டிலின் வாயுவைக் காற்றோடு எரித்து, சுமார் 2,300 டிகிரிச் சுவாலையில் உங்கள் மண் சாற்றைத் தெளிக்கிறார்கள். விளக்கு ஒரு பக்கம், அளக்கிற கண் மறுபக்கம். இப்போது விளங்குகிறதா, கீரைக்காரப் பெரியவரிடம் 'பேரைச் சொல்லிக் கேளுங்கள்' என்று நான் சொன்னது? துத்தநாக விளக்கைப் போட்டுவிட்டுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீரில் காட்மியம் வெள்ளமாக ஓடினாலும் அது சொல்லாது.

பிற்பாடு வந்த கருவிகள் இந்தக் குறையைக் குறைத்துவிட்டன. 1983 முதல் விற்பனைக்கு வந்த ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஆர்கான் சுவாலையில் எல்லாவற்றையும் உடைத்து, அணு அணுவாக எடை பார்த்துப் பிரித்து, ஒரே தடவையில் பல பத்துத் தனிமங்களைச் சொல்லிவிடும். ஆனால் அதுவும் உலோகங்களைப் போன்ற தனிமங்களைத்தான் சொல்லும். பூச்சிமருந்து மிச்சம் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்கு வந்த புதிது. வெள்ளவேடு பக்கம் ஒரு விவசாயியின் சம்பா நிலத்தில் நானே இறங்கி மண் மாதிரி எடுத்தேன். பதினைந்து இடத்தில் வெட்டி எடுத்த மண்ணையெல்லாம் பம்பு செட்டு ரூமில் கிடந்த ஒரு பக்கெட்டில் போட்டுக் கலந்து, பையில் கட்டி அனுப்பினேன். முடிவு வந்தது. துத்தநாகம் 4.8 பி.பி.எம். தமிழ்நாட்டில் 1.2-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை என்று கணக்கு. "உங்களுக்கு ஜிங்க் சல்பேட் தேவையே இல்லை, அந்தக் காசு மிச்சம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். நட்டு மூன்று வாரத்தில் ஆள் வந்து நிற்கிறது. போய்ப் பார்த்தால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கிறது, இலையில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி, இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருக்கிறது. சந்தேகமே இல்லாத துத்தநாகப் பற்றாக்குறை.

"மெஷின் பொய் சொல்லுமா சார்?" என்று அந்த விவசாயி கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் அந்தப் பக்கெட்டைப் போய்ப் பார்த்தேன். துருப் பிடிக்காமல் இருக்க நாகம் பூசிய தகரப் பக்கெட். நாகம் என்றால் துத்தநாகம்! மெஷின் பொய் சொல்லவில்லை, பக்கெட்டின் துத்தநாகத்தை ஒழுங்காக அளந்து சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக் முறத்தில் திரும்ப மண் எடுத்து அனுப்பினேன், 0.7 வந்தது. 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டுடன் 1 சதவீத யூரியா கலந்து தெளித்துப் பயிரைக் காப்பாற்றினோம். ஆனால் திட்டுகள் பின்தங்கித்தான் கதிர் வாங்கின, ஒரே சீராக அறுக்க முடியவில்லை. அடி உரமாக ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து, மணிச்சத்து உரத்தோடு சேர்க்காமல், கடைசி உழவில் தூவியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். நஷ்டம் அவருக்கு. எனக்குச் சம்பளம் வந்துவிட்டது.

கருவி எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு நம்முடைய கை சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது. பழைய காலத்துக் கருவிக்குப் பக்கெட்டின் துத்தநாகம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அதிலிருந்து நீங்கள் அரைக் கிலோ தருகிறீர்கள். துத்தநாகத்துக்கு ஆய்வகத்தில் அதிலிருந்து 10 கிராம் எடுக்கிறார்கள். 9 கோடியில் ஒரு பங்கு! அந்த 10 கிராம் உங்கள் ஏக்கர் முழுவதுக்கும் சாட்சி சொல்ல வேண்டும். எருக்குப்பை இருந்த இடத்தில் ஒரு மண்வெட்டி அள்ளிக்கொண்டு வந்தால், சாட்சி குப்பைமேட்டைப் பற்றித்தான் பேசும்.

ஆகவே நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பதினைந்து இருபது இடத்தில் எடுங்கள். வரப்போரம், வாய்க்கால், மரத்தடி, எரு கொட்டிய இடம், சமீபத்தில் உரம் போட்ட இடம் வேண்டாம். மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, ஆங்கில எழுத்து 'வி' மாதிரி அரை அடி ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை வெளியே போட்டுவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் செதுக்கி எடுங்கள். கரும்பு, பருத்திக்கு முக்கால் அடி ஆழம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டில் கொட்டிக் கட்டியை உடைத்துக் கலந்து, நாலாகப் பங்கு வைத்து, எதிர் எதிர் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ வருகிற வரைக்கும் இப்படியே. நிழலில் உலர்த்துங்கள். நுண்ணூட்டம் பார்க்க வேண்டுமானால் வெட்டின மண்ணில் மண்வெட்டி பட்ட பக்கத்தை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு எடுங்கள். தகரம் வேண்டாம் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் நிலத்தில் சத்துக்குப் பஞ்சமே இருக்காது, சீட்டில் மட்டும்!

"எனக்குத்தான் மண்வள அட்டை இருக்குதே" என்பீர்கள். 2015-இல் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம் அது, 12 விவரங்கள் அதில் இருக்கும். நல்ல காரியம். ஆனால் அந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறேகால் ஏக்கருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தார்கள். நம் பக்கம் ஆறேகால் ஏக்கரில் பத்துப் பேர் கழனி இருக்கும். உங்கள் அட்டையில் இருப்பது உங்கள் நிலத்து மண்ணா, பங்காளி நிலத்து மண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மண்ணில் ஒரு சத்து மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, பயிருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது வேறு. பெட்டியில் பூட்டிய நகையும் மடியில் இருக்கிற காசும் ஒன்றாகுமா? அதனால்தான் பயிரின் வேர் எடுக்கிற அளவுக்குச் சமமாக எடுக்கிற கரைசல்களை விஞ்ஞானிகள் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தழைச்சத்துக்கு 1956-இல் சுப்பையா, அசிஜா என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் வகுத்த முறைதான் இன்றும் நம் பரிசோதனை நிலையங்களில் பரவலாக நடக்கிறது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் அமெரிக்காவில் லிண்ட்சே, நோர்வெல் 1978-இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ. கரைசல். இப்போது துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவி ஒன்று வந்திருக்கிறது, மண்ணைப் பார்த்து விசையை அழுத்தினால் ஓரிரு நிமிஷத்தில் எண் வந்துவிடும். நிலம் கெட்டிருக்கிறதா என்று சுற்றிப் பார்க்க அருமையானது. ஆனால் அது சொல்லுவது பெட்டியில் உள்ள நகையை. அதை வைத்து உரம் போடக் கூடாது. இந்த மாதிரிக் கருவியைக் காட்டி யாராவது ஊருக்குள் வந்து உரம் விற்றால், "இது மொத்தக் கணக்கா, பயிருக்குக் கிடைக்கிற கணக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

பூச்சிமருந்துக்கு வருகிறேன். 1900-களின் ஆரம்பத்தில் ரஷ்ய விஞ்ஞானி ஸ்வெட் என்பவர் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையமாகப் பிரிந்து இறங்கின. நனைந்த காகிதத்தில் மை பிரிந்து ஓடுகிறதே, அந்த மாதிரி. இன்று எச்ச மருந்தைப் பிரிக்கிற கருவிகளெல்லாம் இந்தக் குழாயின் வாரிசுகள். 1957-இல் இங்கிலாந்துக்காரர் லவ்லாக் ஒரு உள்ளங்கை அளவுக் கருவியைச் செய்து அதன் முனையில் பொருத்தியபோதுதான் டி.டி.டி. உலகம் பூராவும் பரவியிருப்பது துலக்கமாகத் தெரிய வந்தது. 2003-இல் வந்த கெச்சர்ஸ் என்ற முறையில், பத்துப் பதினைந்து கிராம் அரைத்த கீரை, ஒரு குழாய், ஒரு கரைப்பான், கொஞ்சம் உப்பு, ஒரு குலுக்கல், அவ்வளவுதான் முன்வேலை. பிறகு கருவி நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடிவிடும். முந்தாநாள் தெளித்துவிட்டு இன்றைக்கு அறுத்தவர் யார் என்பதைக் கட்டுக்குள் இருக்கிற கீரையே சொல்லிவிடும். மருந்து டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாளை இனி யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பெரியவரின் கிணறு என்ன ஆயிற்று?

அந்த சோடா பாட்டிலை நான் வாங்கவில்லை. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆய்வகத்தில் கொடுத்த சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, நிரம்பப் பிடித்தோம். உலோகத்துக்கு ஒரு பாட்டில், அதில் ஆய்வகத்தார் சொன்னபடி நைட்ரிக் அமிலத் துளி விட்டது. இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உப்புக்கும் கார அமில நிலைக்கும் அமிலம் விடாத இன்னொரு பாட்டில். பேர் சொல்லிக் கேட்டோம்: ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல். பட்டறைகள் நிறைந்த பகுதியில் தேட வேண்டியவை இவை.

காட்மியமும் ஈயமும் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தைக்கு 'இல்லை' என்று அர்த்தமில்லை. கருவியால் எந்த அளவு வரைக்கும் பார்க்க முடியுமோ அந்த அளவுக்குக் கீழே என்று அர்த்தம். அந்த எல்லை என்ன என்று சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். குடிநீர் வரம்புக்கும் கீழேதான் இருந்தது, ஆகவே நிம்மதி. குரோமியமும் நிக்கலும் வரம்புக்குள். ஆனால் மின் கடத்தும் திறன் 2.4 வந்தது. 2.25-ஐத் தாண்டினாலே மிகவும் உப்பான தண்ணீர் என்று கணக்கு. கீரையின் ஓரம் கருகுகிறது, கம்பெனி விஷம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரே, அது உப்பு.

கீரையையும் அனுப்பினோம், கழுவாமல் ஒரு கட்டு, கழுவி ஒரு கட்டு. உலக உணவுத் தரக் குழுவாகிய கோடெக்ஸ், கீரை வகையில் ஈயம் 0.3 பி.பி.எம். வரைக்கும்தான் என்கிறது. கழுவிய கட்டு அதற்குள் இருந்தது. கழுவாத கட்டில் கூடுதலாக இருந்தது. நெடுஞ்சாலைப் புழுதிதான் காரணமாக இருக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-த்தோடு நின்றுவிட்டது, ஆனால் அத்தனை வருஷம் புகையோடு விழுந்த ஈயம் மக்கிப் போகிற சமாசாரம் இல்லை, சாலையோர மண்ணிலேயே கிடக்கிறது. இப்போது பெரியவர் சாலையை ஒட்டின இரண்டு பாத்தியில் கீரை போடுவதில்லை, அகத்தியும் போடவில்லை, மல்லிகை வைத்திருக்கிறார். அறுத்த கட்டை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி அனுப்புகிறார். உப்புக்கு, மழை நீரைக் கிணற்றுக்குத் திருப்ப ஒரு குழி வெட்டியிருக்கிறார்.

ஒரு நாள் எடுத்த தண்ணீர் ஒரு நாளைக்குத்தான் சாட்சி. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, சித்திரைக் கோடையில் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மண் எடுக்க நல்ல சமயம், நவரை அறுத்து சொர்ணவாரிக்கு உழுவதற்கு முன்னால், கழனி காய்ந்து கிடக்கிற அந்தக் கொஞ்ச நாள். மண் பைக்குள்ளும் தண்ணீர் பாட்டில் மேலேயும் பென்சிலால் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். உங்கள் பெயர், கிராமம், சர்வே நம்பர், எடுத்த தேதி, போன பயிர், வைக்கப் போகிற பயிர், எதை எதைப் பார்க்க வேண்டும் என்ற பெயர்கள். தண்ணீரானால் கிணறா, போரா, எத்தனை அடி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.